குடத்தின் வயிற்றில் நிற்கும் தேவநாதனுக்கு

அன்பையும் கோபத்தையும் இன்னும் சரிபாதியாக வைத்திருக்கும் மாப்பிள்ளை தேவநாதனுக்கு,

வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. முதலாமாண்டு நினைவஞ்சலிக்குப் போஸ்டர் அடிக்க வேண்டியிருந்தது. அச்சகத்தில் வாசகம் எழுதிக் கொடுத்தாயிற்று. பார்டர் பார்த்தாயிற்று. கீழே யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சொந்தக்காரர்களுக்குள் நடந்த சண்டையும் ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. உன் படம்.

சிரிக்காதே. கடலூர் சுற்றுவட்டாரத்தில் விற்பனைச் சாமான்களைப் படம் பிடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது என்பது உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். தைல பாட்டில், அப்பளப் பாக்கெட், முந்திரி டப்பா, குத்துவிளக்கு என்று நான் விளக்குப் போட்டு எடுக்காத சாமான் இல்லை. ஏழு வருடம் ஒரே மாடியில் உன்னோடு வேலை பார்த்திருக்கிறேன். அங்கே உன்னை மட்டும் ஒரு தடவையும் எடுக்கவில்லை. நீ விற்பனைக்கு இல்லை என்பதாலோ என்னவோ.

உனக்கும் என் தங்கை மலருக்கும் திருவந்திபுரத்தில் நடந்த கல்யாணத்தை எடுத்தது நான்தான். அன்றைக்கு மலைமேல் நாற்பது கல்யாணம். அத்தனை கூட்டத்திலும் நம் மாப்பிள்ளையைச் சரியாகக் கண்டுபிடித்து எடுத்தேன் என்பதே பெரிய விஷயம். அந்த ஆல்பம் போன மார்கழிப் புயலில் நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, செங்கல் மாதிரி ஆகிவிட்டது. பிரித்தால் உன் முகம் எதிர்ப்பக்கத்துப் பந்தியோடு போய்விடுகிறது. மிச்சம் இருந்தது வாக்காளர் அட்டைப் படம். அதைப் பார்த்த அச்சகக்காரர், "இவுரு எப்பங்க ரிலீசானாரு?" என்று கேட்டார். திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நான் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்துவிட்டுத் திரும்பியவன். வெளிச்சம் நேர்கோட்டில் போகும் என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். என் தொழிலுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. இரண்டாயிரத்து நான்கில், பிலிம் ரோலை எல்லாரும் கைவிட ஆரம்பித்த நேரத்தில், மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பின்னால் ஒரு மாடியைப் பிடித்து நாம் இரண்டு பேரும் கடை போட்டோம். முன் அறையில் நான், என் விளக்குகள், என் கேமரா. உள் அறையில் நீ, உன் கம்ப்யூட்டர். நான் எடுப்பேன். எடுத்ததைச் சரிசெய்து அச்சுக்கு அனுப்புவது உன் வேலை.

நீ படித்தவன். அதனால் முதல் வாரமே ஒரு தாளில் யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிச் சுவரில் ஒட்டினாய். விளக்கும் நிழலும் மச்சான். தூசியும் கைரேகையும் மச்சான் துடைக்க வேண்டும், துடைக்காவிட்டால் தேவா. நிறம் இருவரும். வெள்ளைப் பின்னணி தேவா. கடைசி வரியில் 'பாத்திரத்தில் விழும் ஆள்' என்று எழுதி ஒரு கோடு போட்டாய். கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாகவே விட்டாய். ஏனென்றால் அதில்தான் நமக்குச் சண்டை.

அந்தச் சண்டை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நீ உள் அறையிலிருந்து கூப்பிட்டாய்.

"மச்சான், பித்தளச் சொம்புல நீ நிக்கிற. லுங்கி கட்டம் வரைக்கும் தெரியுது."

"நிக்கட்டும். அதான் கம்ப்யூட்டரு வாங்கி வெச்சிருக்குதில்ல? அழி."

"அழிக்கறதுக்கு அர நாளு ஆவுது. சொம்ப சுத்தி வெள்ள வேட்டிய கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்ட வுட்டீன்னா நீ விழவே மாட்ட."

"என்னாது? சொம்புக்குக் கொசுவல கட்டணுமா? அதுக்கு என்னா, மலேரியாவா வரப்போவுது?"

"பாத்திரத்துக்கு லைட்டு போடாத மச்சான். பாத்திரம் எதப் பாக்குதோ அதுக்குப் போடு."

"எனக்கே லைட்டு சொல்லித் தர்றியா? நீ மொதல்ல கம்ப்யூட்டரு எலியப் புடி."

இப்படி ஒரு மாதம் ஓடியது. அப்புறம் நீ அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய். படங்களும் சுத்தமாக வந்தன. நீ பேசவில்லை, அதனால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். எந்தக் கோணத்தில் நின்றால் நாம் பாத்திரத்தில் விழமாட்டோம் என்று என் உடம்பே கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். "மத்தவன் எடுத்தா பாத்திரத்துல அவன் மூஞ்சி தெரியும். நம்முளுதுல பாருங்க, ஒரு ஆளு நிக்கறாப்ல இருக்குதா? அது நிக்கிற எடத்துல இருக்குது. கம்ப்யூட்டரே தேவையில்ல. மாப்ள சும்மா சைஸு மாத்தித் தருவாப்ல." நீ உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பாய். மவுஸ் சத்தம் மட்டும் டிக், டிக் என்று வரும்.

சென்னையிலிருந்து மூன்று விளம்பரக் கம்பெனிக்காரர்கள் வந்து என் விளக்குகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பரப்பியது நான். வந்தது ஒருவர். அவரும் பாத்ரூம் எங்கே என்று கேட்டுத்தான் மாடி ஏறினார். உனக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டுப் போகட்டும், இதற்கு மேல் பெரிய விஷயம் ஒன்று சொல்லப்போகிறேன்.

நீ போனாய். காலையில் டீ குடித்தாய், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றாய், மத்தியானம் இல்லை. அதைப் பற்றி எழுத இந்தத் தாளை எடுக்கவில்லை.

ஐப்பசியில் சிதம்பரம் தெற்கு வீதிப் பாத்திரக்கடை கலியபெருமாள் முதலாளி கூப்பிட்டார். கல்யாணச் சீர்வரிசைக் கேட்டலாக், இருபத்து நான்கு ஐட்டம். உனக்குத் தெரியுமே, வருடா வருடம் நமக்கு வருகிற வேலை. மலர் அப்போது உள் அறைப் பக்கமே வரவில்லை. நான் யாரையும் தேடவில்லை. என் படத்துக்குத்தான் கம்ப்யூட்டர் தேவையில்லையே. எடுத்தேன், சிடியில் போட்டேன், நேராக அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். கேமராவுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் பார்த்தபோது எல்லாம் பளபளவென்று அருமையாக இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருக்கலாம்.

அச்சடித்து வந்ததும் முதலாளி என்னைச் சிதம்பரத்துக்கு வரச் சொன்னார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

"வா கோதண்டம், உக்காரு. ஒரு சந்தேகம். நான் கொடம் விக்கிறனா, உன்ன விக்கிறனா?"

கேட்டலாக்கை என் மடியில் போட்டார். முதல் பக்கம் பித்தளைக் குடம். அதன் வயிற்றில் நான் நிற்கிறேன், கட்டம் போட்ட லுங்கியோடு. அடுத்த பக்கம் எவர்சில்வர் அண்டா. அதிலும் நான், இன்னும் அகலமாக. பன்னீர்ச் செம்பில் ஒல்லியாக. கரண்டி செட்டில் ஆறு கரண்டி, ஆறு கோதண்டம், ஆறு பேரும் தலைகீழ். இருபத்து நான்கு பக்கத்திலும் ஒரு பக்கம்கூட என்னை விடவில்லை.

கடைக்கு வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏங்க மொதலாளி, இந்த அண்டாவ எடுத்தா இந்த ஆளும் கூட வருவாரா?"

"வருவாரும்மா. சோறு மட்டும் நீங்க போட்டுக்கணும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? முதலாளி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏழு வருசமா நீதான எடுத்த? அப்பல்லாம் எங்க போயி நின்ன?"

புதுக் கேமரா, ஷார்ப் ஜாஸ்தி, எல்லாத்தையும் இழுக்குது என்று ஒரு பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்கே அது நல்ல பொய்யாகப் படவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம். திரும்பி வரும்போது பஸ் கடலூர் ஓரத்துக் குடிகாட்டைத் தாண்டும்வரை அந்தக் கேள்வியே ஓடியது. எங்கே போய் நின்றேன்?

மலரிடம் சொன்னேன். நீ போனதற்கப்புறம் அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அவுரு உங்கிட்ட சொல்லவே இல்லியாண்ணா?"

"என்னாத்த?"

"சாப்புட வரப்பல்லாம் சொல்லுவாரே. 'இன்னிக்கி ஒங்க அண்ணன மூணு அண்டாலேருந்து எறக்கி வுட்டேன், ஒரு தாம்பாளத்துலேருந்து எழுப்பி வுட்டேன்'ன்னு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் ஊர் முழுக்கப் பேசினபோது உள்ளிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? கொடுத்திருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று என்னைத் திருப்பிக் கேட்காதே. பதில் உனக்கே தெரியும்.

அதற்கப்புறம் மலர் உள் அறையில் உட்கார ஆரம்பித்தாள். அவ்வப்போது உன் பக்கத்தில் நின்று பார்த்தவள், கை தானாகப் போகிறது. ஆனால் முதல் நாளே சொல்லிவிட்டாள். "அண்ணா, நான் அவுரு இல்ல. ஒன்ன தெனம் தூக்கி எறக்க என்னால ஆவாது. பாத்திரத்த சுத்தி வேட்டிய கட்டு." நான் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு புயல் வந்து பேச வைத்தது.

நம் கடை போர்டு பறந்து போய் கெடிலம் ஆற்றில் விழுந்து கடல்வரை மிதந்து போனது என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். எதிர் மாடியில் விழுந்து கிடந்ததை மறுநாளே எடுத்து வந்துவிட்டேன் என்பது வேறு விஷயம். இரண்டு வாரம் கரண்ட் இல்லை. என் குடை விளக்கு இரண்டும் நொறுங்கிவிட்டன. ஆல்பம் போனதைத்தான் முதலிலேயே சொன்னேன். உன் கம்ப்யூட்டர் பிழைத்தது. வானம் கறுத்த உடனே மலர் அதைப் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். ஆல்பத்தை ஏற்றத் தோன்றவில்லை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு விஷயத்தில் அவளைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

போஸ்டருக்குப் படம் தேடும்போதுதான் அவள் கம்ப்யூட்டரைக் குடைந்தாள். எங்கேயாவது, யார் எடுத்ததாவது, உன் முகம் ஒன்று இருக்காதா என்று. போன வாரம் ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க 'மச்சான் அறுவது'ன்னு ஒண்ணு வெச்சிருக்காரு."

"என்னா அது?"

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணையும் வெட்டி எடுத்து வெச்சிருக்காருண்ணா. எல்லாம் நீதான். எதுக்குன்னு அப்ப ஒருக்கா கேட்டேன். ஒங்க அண்ணனுக்கு அறுவதாம் கல்யாணத்துக்குப் பேனர் அடிக்கணும், அன்னிக்கிப் பாரு ஆளுக்கு எங்க ஓடறதுன்னு தெரியாதுன்னாரு."

முந்நூறுக்கு மேல் இருந்தன. நான் ஆயிரம் என்று சொல்லி வருகிறேன். குடத்தில் நான், தூக்குச்சட்டியில் நான், குத்துவிளக்கின் தண்டில் குச்சி மாதிரி நான். ஆரம்பத்தில் தலை கறுப்பு. நடுவில் சாயம் போட்ட கறுப்பு. வயிறு வருடத்துக்கு வருடம் முன்னால் வருகிறது. அது பாத்திரத்தின் வளைவு என்று முதலில் மலரிடம் சொல்லிப் பார்த்தேன். தட்டையான தட்டிலும் அப்படித்தான் இருந்தது.

நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. பாதிப் படங்களில் எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் நிற்கிறது. அந்தச் சதுரத்துக்குக் கீழே இரண்டு கால். ஓரத்தில் நாலு விரல்.

நீ, மாப்பிள்ளை. நிழல் அடிக்காமல் இருக்க நீதானே தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்! என் பாத்திரங்களிலெல்லாம் நீயும் விழுந்திருக்கிறாய். என்னை அழிக்கும்போது உன்னையும் அழித்திருக்கிறாய். அதை ஒரு தடவைகூட மலரிடம்கூடச் சொன்னதில்லையாம்.

எல்லாவற்றிலும் முகத்தைத் தெர்மாகோல் மறைத்திருந்தது. மலர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். கால், விரல், கால், விரல். இருநூறைத் தாண்டிய பிறகு ஒன்று வந்தது. பித்தளைக் குடம். நான் கேமராவிலிருந்து நிமிர்ந்து உன் பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறேன், கை ஆகாசத்தில் இருக்கிறது. நீ தெர்மாகோலைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, பல் மொத்தமும் தெரியச் சிரிக்கிறாய்.

மலர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்தேன். இடது பக்கத்து ஜன்னல், கொஞ்சம் என் குடை விளக்கு. வெளிச்சம் உன் முகத்தில் நன்றாகவே விழுந்திருந்தது. வேண்டுமென்று போட்டதில்லை. இருந்தாலும் போட்டது நான்தான்.

அன்றைக்கு நான் உன்னிடம் என்ன சொன்னேன்? எனக்கு ஞாபகம் இல்லை. யார் கேட்டாலும் ஒரு பதில் சொல்கிறேன், ஆளுக்கு ஒன்றாக. அச்சகக்காரரிடம் ஒன்று, கலியபெருமாள் முதலாளியிடம் ஒன்று. எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன, எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் நீ சிரித்த அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை. அதனால் அது வேறு ஏதோ.

குடத்தின் வளைவில் உன் நெற்றி சின்னதாகவும் கன்னம் உப்பலாகவும் இருந்தது. நேராக்கச் சொன்னேன். மலர் அரை மணி நேரம் இழுத்துப் பிடித்து நேராக்கிக் காட்டினாள். ரொம்ப ஒழுங்கான ஒரு ஆள் வந்தார். இரண்டு பேரும் பார்த்தோம்.

"இது யாருண்ணா?"

"யாரோ பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கான். பழையபடி வுடு."

பழையபடி விட்டாள். பித்தளையின் மஞ்சளையும் அப்படியே விட்டாள். அப்புறம் மவுஸில் கையை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அண்ணா, உன்ன எடுத்துடட்டுமா?"

மாலை போடப்போகிற படத்தில் உயிரோடு இருக்கிறவன் நிற்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். எடுத்துவிடு என்றேன். எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஆகாசத்தில் இருந்த கை போனது. பிறகு தோள், பிறகு தலை. பித்தளையை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் எடுத்து என்மேல் பூசிக்கொண்டே வந்தாள். டிக், டிக். ஏழு வருடம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட சத்தம் இதுதான் என்று அப்போது புரிந்தது. நீ சொன்னது பொய். அரை நாள் இல்லை. ஒரு நாள் முழுக்க ஆகிற வேலை.

போஸ்டர் வந்துவிட்டது. நன்றாக இருக்கிறாய். அதை மட்டும் பார்த்தவர்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று கேட்கிறார்கள். சொல்லவில்லை. இப்படி நான் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்க நீ இல்லாமல் போனாய்.

வருகிற ஆவணிக்குக் கலியபெருமாள் முதலாளி திரும்ப வேலை கொடுத்திருக்கிறார், நாற்பது பாத்திரம். "இந்த வாட்டி நீ வராத, கேமராவ மட்டும் அனுப்பு" என்று சொல்லித்தான் கொடுத்தார். என் பட்டுக்கரை வேட்டியின் கரையைக் கிழித்துவிட்டு, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டேன். குடத்தைச் சுற்றிக் கட்டியும் பார்த்துவிட்டேன். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம், குடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இது நான் கண்டுபிடித்த முறை என்றுதான் ஊரில் சொல்லப்போகிறேன், அதில் மாற்றமில்லை. மலருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், போதும்.

சுவரில் நீ ஒட்டிய தாள் புயலில் ஓரம் நனைந்ததோடு சரி, எழுத்து போகவில்லை. கடைசி வரியில் கோட்டுக்கு அந்தப் பக்கம் 'மச்சான்' என்று இன்று காலை எழுதிவிட்டேன். என் கையெழுத்து கோணல்தான். ஆனால் இனி எந்தப் பாத்திரத்திலிருந்தும் என்னை யாரும் இறக்கிவிட வேண்டியிருக்காது, மாப்பிள்ளை. நானே இறங்கிக்கொள்கிறேன்.

நீ சேர்த்து வைத்ததில் ஒன்றைக்கூட அழிக்க விடமாட்டேன். அறுபதாம் கல்யாணத்துக்கு அந்தப் பேனரை அடிக்கத்தான் போகிறேன். வெள்ளைச் சதுரத்தோடு.

இப்படிக்கு,
உன் குடத்திலிருந்து கடைசியாக இறங்கிய,
மலரின் அண்ணன், உன் மச்சான்
கோதண்டம்
மஞ்சக்குப்பம், கடலூர்